ஓபர்மோசரின் வலது கை

வியன்னா நகரத்துத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் செத்துப்போன இசைமேதை யாராவது ஒருவரைப் பற்றி ஆவணப்படம் போடுவார்கள். மேதை மாறுவாரே தவிரப் படம் மாறாது. முதலில் தேவாலயக் கோபுரம், அதைச் சுற்றிப் புறாக்கள். அடுத்து ஒரு பேராசிரியர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மேதையின் காதல் தோல்வியையும் வயிற்று வலியையும் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். பிறகு இருட்டு, ஒரு மெழுகுவர்த்தி, அதன் வெளிச்சத்தில் ஒரு வலது கை. அது வாத்து இறகை மைப்புட்டியில் தொட்டுத் தொட்டு ஐந்து கோடுகளுக்கு நடுவே சுரங்களை எழுதிக்கொண்டே போகும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் கை பூர்கி நவ்ராட்டில் என்ற பெண்ணின் கை. ஓட்டக்ரிங் பேட்டையில் ஒரு சிறுவர் நடனப் பள்ளியில் பியானோ வாசிப்பவள். குட்டிப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவதற்கு ஏற்ற மாதிரி, ஒரே மெட்டை ஒரு நாளில் நாற்பது தடவை வாசிப்பது அவள் பிழைப்பு. கல்யாணமானவள், பிள்ளை இல்லை, அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. கணவன் ஃபெர்டி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

ஒரு பெண்ணின் கை எப்படி மேதைகளின் கை ஆயிற்று என்று கேட்கலாம். டாக்டர் லைட்னர் என்று ஒரு இயக்குநர். வைத்தியர் இல்லை, இசை வரலாற்றில் டாக்டர். இந்த ஊரில் பட்டம் வாங்கியவரைப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. வெகு காலத்துக்கு முன்னால் அவர் அந்த நடனப் பள்ளிக் கூடத்தில் ஒரு படம் பிடிக்க வந்தார். மேதையாக நடிக்க வந்த ஆளுக்கு நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி எல்லாம் சிவந்து கிடந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்த டாக்டரின் கண்ணில், பியானோவின் மேல் கிடந்த பூர்கியின் கைகள் பட்டன. அவள் அப்பா கொத்தனார். அவளுக்கு வந்து சேர்ந்த ஒரே சொத்து அந்தக் கைதான்: அகலமான உள்ளங்கை, எலும்பு புடைத்த மணிக்கட்டு, நீள நீளமான விரல்கள். அவளுக்குச் சுரம் எழுதவும் தெரியும். மேக்கப் ரோஸ்விதா தன் வீட்டு நாயின் முடியைக் கொஞ்சம் கத்தரித்து வந்து விரல் கணுக்களில் பசையால் ஒட்டினாள். அவ்வளவுதான், மேதை தயார். அன்றிலிருந்து இந்த நாட்டின் மாபெரும் இசைமேதைகள் பலருக்கும் கையில் இருப்பது பூபி என்ற நாயின் முடி. இது வெளியே தெரிந்தால் பேராசிரியர்கள் என்ன ஆவார்களோ தெரியாது.

டாக்டர் லைட்னர் தன் படங்களில் மேதையின் முகத்தைக் காட்டமாட்டார். "முகத்தைக் காட்டினா இது அவர் இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். கையை யார் பார்த்திருக்கா? கையை நம்புவாங்க" என்பது அவர் கட்சி. ஆகவே முகத்துக்கு வேலை இல்லை, முழு வேலையும் பூர்கிக்குத்தான்.

டாக்டர், பேராசிரியர், அரசவை ஆலோசகர் என்று வீட்டுக்கதவில் பித்தளைப் பலகை அடித்துக்கொள்கிற ஊரில், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள எதுவும் இல்லாதவள் பூர்கி. ஆனால் அவள் குடியிருந்த கட்டடத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் வொட்டாவா அம்மாள், அவளை மாடிப்படியில் கண்டால் துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, "வாங்க மேஸ்ட்ரோ, இன்னிக்கு என்ன எழுதினீங்க?" என்பாள். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு பெருமை இருந்தது. படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை வொட்டாவா அம்மாள் கேக்கோடு மேலே வந்துவிடுவாள். மெழுகுவர்த்தி எரிந்ததும் ஃபெர்டி, "பாத்துக்கங்க, இந்தக் கைதான் நேத்து என் சட்டையைக் கிழிஞ்ச இடத்துல தைச்சுது" என்பான். பூர்கி அவனை அதட்டுவாள், அதட்டிக்கொண்டே முகம் சிவப்பாள். வாழ்க்கையில் அவளுக்கு என்று இருந்த பட்டம் அது ஒன்றுதான். அது அவளுக்கு உயிர்.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது, அடியில் இருந்த சாஸரில் கோப்பை கிணுகிணுவென்று அடித்துக்கொண்டது. பூர்கி கீழே டிராம் போகிறது என்று நினைத்தாள். கோப்பையை வைத்தாள். சத்தம் நின்றது. மறுபடி தூக்கினாள். மறுபடி கிணுகிணு. சும்மா மடியில் கிடக்கும்போது கை கல் மாதிரி இருந்தது. எதையாவது பிடித்துத் தூக்கினால் மட்டும் நடுக்கம். பியானோவில் கூட மோசமில்லை, கட்டை மேல் விரல் இறங்கிவிட்டால் கனத்தில் அடங்கிவிடும். கரண்டி, சாவி, பேனா, இந்த மூன்றும்தான் காட்டிக் கொடுத்தன.

அவளுக்குப் போல்டி மாமாவின் ஞாபகம் வந்தது. அம்மாவின் அண்ணன். கடியாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், கை நடுங்கி வேலையை விட்டவர். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தால் சூப் பரிமாறுவதற்கு முன்னால் அம்மா வந்து அவர் காதில் ஏதோ சொல்வாள். மாமா எழுந்து சமையலறைக்குப் போய், நின்றபடியே பால் குவளையில் சூப்பைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வருவார். விருந்தாளிகள் பார்க்கக் கூடாது என்பதற்காக. சிறுமி பூர்கிக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தச் சிரித்த முகம் வேடிக்கையாக இல்லை.

வைத்தியரிடம் அவள் போகவில்லை. போனால் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார், பெயர் சொன்னால் அது நிஜமாகிவிடும். மறைப்பதே முழுநேர வேலை ஆயிற்று. கடையில் சில்லறையை எண்ணிக் கொடுக்காமல் நோட்டாகக் கொடுத்தாள். காப்பிக் கடையில் தோழிகள் முன்னால் காப்பியை ஆறவிட்டு, அவர்கள் வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். வீட்டில் சூப் வைப்பதையே நிறுத்தினாள். ஃபெர்டி கேட்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அந்த மனுஷனுக்கும் வர வர என்னவோ ஆகிவிட்டது. காலைக் காப்பியை நல்ல கோப்பையில் ஊற்றாமல், கைப்பிடி தடித்த ஒரு பீங்கான் குவளையில், அதுவும் பாதிக்குப் பாதி ஊற்றிக் கொண்டுவந்து வைப்பான்.

"சாஸர் எங்கே?"

"கழுவுறது யாரு? நான்தானே. ஒண்ணு குறைஞ்சா நல்லதுதானே."

"பாதிக் காப்பி எதுக்கு? வீட்டுல பஞ்சமா?"

"இன்னும் வேணும்னா கேளேன், ஊத்துறேன். ஓய்வு பெத்தவன் வேற என்ன செய்யப் போறேன்."

சோம்பேறி என்று அவனைத் திட்டினாள். உள்ளூர, சாஸர் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கோடை முடிகிற சமயத்தில் டாக்டர் லைட்னரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"கையை முத்தமிடுகிறேன், அம்மணி." இந்த ஊரில் பழைய காலத்து ஆண்கள் பெண்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. சும்மா வாய்வார்த்தை. ஆனால் டாக்டர் லைட்னர் நேரில் வந்தால் பூர்கிக்கு மட்டும் உண்மையாகவே குனிந்து கையில் உதட்டை வைப்பார். "நம்ம ஓபர்மோசர் வர்றார். பிறந்து இருநூறாவது வருஷம். பெரிய படம். அவர் கடைசியா எழுதின இரங்கல் பூசை இசை, அதுக்கப்புறம் வாலிபத்துல எழுதின நடனங்கள். உங்க கை இல்லாம நான் எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். "எப்போ, டாக்டர்?" என்று வந்தது.

லோரென்ஸ் ஓபர்மோசர் என்ற அந்த மேதை கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர், முதுமையில் வாதம் வந்து செத்தவர், அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. ஒரே ஒரு திங்கட்கிழமை மட்டும் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். கண்டிப்பாக மாலையில் பூட்டிவிட வேண்டும்.

பூர்கி சமையலறை மேஜையில் எழுதிப் பயிற்சி செய்தாள். கோடு போட்ட தாளில் சுரங்கள் வண்டிச்சக்கரம் உருண்ட மாதிரி ஓடின. பயந்தால் அதிகம் நடுங்கியது, நடுங்குவதைப் பார்த்தால் அதிகம் பயந்தது, இரண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. தாள்களைக் கிழித்து வொட்டாவா அம்மாள் கண்ணில் படாமல் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஒரு மத்தியானம் நடன ஆசிரியையின் பிறந்தநாள் என்று ஆப்ரிகாட் பழச் சாராயம் சின்னக் கிளாசில் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டாள். கை அசையவில்லை. எழுத்து அச்சுக் கோத்த மாதிரி விழுந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு புட்டி வாங்கினாள். ஜலதோஷத்துக்கு இருமல் மருந்து ஊற்றிவைத்திருந்த தட்டையான சின்னப் புட்டியைக் கழுவி அதில் நிரப்பிக் கைப்பைக்குள் வைத்தாள். காலை ஒன்பது மணிக்குச் சாராயம் குடிக்கப்போகிற பெண்ணாகத் தான் ஆகிவிட்டதை நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. திட்டம் சுலபமானதுதான். அருங்காட்சியகக் கழிவறையில் ஒரு வாய், அவ்வளவுதான். ஆனால் ரோஸ்விதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாடி மேதை. கிழவன் கை முதல்ல. அதுக்குத்தான் நேரம் ஆகும், உக்காரு."

"ஒரு நிமிஷம், கழிவறைக்கு..."

"அப்புறம் போகலாம். பெப்போ விளக்கைப் போட்டுட்டுக் கத்துறான்." பெப்போ என்பவன் கேமராக்காரன். கத்துவதற்கே பிறந்தவன்.

பூர்கி உட்கார்ந்தாள். ரோஸ்விதா இரண்டு கையிலும் பசையைத் தடவி, மெல்லிய தாளை ஒட்டிச் சுருக்கி, கிழட்டுத் தோல் செய்தாள். பசை காயும்வரை எதையும் தொடக் கூடாது. கைப்பை காலடியில் கிடந்தது. அதற்குள் புட்டி. பூர்கிக்கு அதைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

"மோதிரம் கழலலையே" என்றாள் ரோஸ்விதா. இங்கே கல்யாண மோதிரம் வலது கையில். முன்பெல்லாம் சோப்பைத் தடவினால் வந்துவிடும். இப்போது விரல் கணு பருத்துவிட்டது, இழுத்துப் பார்த்தும் வரவில்லை. "போகட்டும், மேல பசையைப் பூசி மறைச்சிடுறேன். ஓபர்மோசர் கட்டை பிரம்மச்சாரி. ஒரு பொட்டு தங்கம் தெரிஞ்சாலும் ஊர்க் கிழவன்கள் எல்லாம் கடுதாசி எழுதியே தொலைக்காட்சியை மூடிடுவானுங்க." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "என்னடி, நடுங்குது?"

"குளிர். இந்த வீட்டுல கணப்பே மூட்டலையே."

ரோஸ்விதா அவள் முகத்தைப் பார்த்தாள். தான் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

மேதை செத்துப்போன அறை. மேஜை, மெழுகுவர்த்தி, மைப்புட்டி. பூர்கி ஓபர்மோசரின் கறுப்புச் சட்டைக் கையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் லைட்னர், "ஆரம்பிக்கலாம், அம்மணி" என்றார். இறகைத் தூக்கினாள்.

நடுங்கியது. அவள் இதுவரை பார்த்ததிலேயே மோசமான நடுக்கம். இறகு மைப்புட்டியின் விளிம்பில் டக்டக்கென்று அடித்தது. தாளுக்குக் கொண்டுவருவதற்குள் வழியெல்லாம் மை தெறித்தது. இதோ முடிந்தது, கட் சொல்லப்போகிறார், எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்று ஒவ்வொரு சுரத்துக்கும் நினைத்தாள். சுரங்கள் கோணலும் மாணலுமாக விழுந்தன. வரி முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு வரி எழுதினாள். கண்ணில் தண்ணீர் வந்து தாளே தெரியவில்லை.

"கட்" என்றார் டாக்டர் லைட்னர், மெல்ல.

பிறகு கை தட்டினார். விளக்குப் பிடிக்கிறவர்கள் தட்டினார்கள். பெப்போகூடத் தட்டினான். பூர்கிக்கு முதலில் எதுவும் புரியவில்லை.

"அம்மணி," என்றார் டாக்டர் அருகில் வந்து, "நான் கேக்கவே இல்லையே. வாதக்காரக் கிழவன் கை எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா உங்களைச் சும்மா எழுத விட்டு வீணாக்கிட்டேன்."

மத்தியானச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை. ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த இறைச்சியை ஆளுக்கொரு பன்னுக்குள் வைத்துத் தந்தார்கள். பூர்கி அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"என் மாமா ஒருத்தர்..." என்றாள் பூர்கி. "கடியாரக்காரர். அவரைப் பாத்துப் பாத்து..."

"பாத்தீங்களா," என்று டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். "கவனிக்கிறதுன்னா இது. நடிப்புப் பள்ளியில இதைச் சொல்லித்தர முடியுமா? சரி, சாப்பிட்டு வாங்க. அடுத்தது வாலிப ஓபர்மோசர். இருபது வயசு, நடனம் எழுதுறான், கை பறக்கணும். காலையில மலை ஏறிட்டீங்க, இது உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

ஒண்ணுமே இல்லை. பூர்கி மடியில் இருந்த பன்னைத் தாளில் சுற்றி வைத்தாள். காலையிலேயே குட்டு வெளிப்பட்டிருந்தால் இரக்கமாவது கிடைத்திருக்கும். இப்போது வாங்கிய கைதட்டலையும் சேர்த்து அல்லவா திருப்பிக் கொடுக்க வேண்டும். ரோஸ்விதா கிழட்டுத் தோலை உரித்துக் கழுவிவிட்டதும் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, புட்டியில் பாதியைக் குடித்தாள். நினைத்திருந்ததைவிட இரண்டு பங்கு. தொண்டை எரிந்தது. சுவரில் சாய்ந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்ல, ஆடிக்கொண்டிருந்த தராசு முள் நிலைக்கு வருவது போல அது அடங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ரோஸ்விதா மூக்கைச் சுளித்தாள். சட்டைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து, தாளை உரித்து, பூர்கியின் வாயில் போட்டாள்.

"எனக்கு ஏதாவது சொல்லணுமாடி?"

"ஒண்ணுமில்ல."

"சரி. மோதிரத்தை மறைச்சு நாய் முடியை ஒட்டுறேன். ஆடாம இரு."

ஆடவில்லை. வாலிப ஓபர்மோசர் பறந்தார். ஜன்னலில் வெயில், கீழே தெருவில் சுற்றுலாக் குதிரைவண்டிச் சத்தம், தாளில் சுரங்கள் வரிசை பிடித்து ஓடின. பூர்கிக்குத் தன் கை தனக்குத் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள். அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். பிழைத்தாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம்.

பெப்போ காலையில் எடுத்ததைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயோ" என்றான். இந்தத் தடவை கத்தவில்லை.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். நடுங்குகிற கிழட்டுக் கை, அழகாக, பயங்கரமாக எழுதிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியில், நடுங்கிய வேகத்தில், மோதிரத்தின் மேலிருந்த பசை உதிர்ந்து தாளில் விழுந்தது. பிரம்மச்சாரி ஓபர்மோசரின் விரலில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பூர்கியின் கல்யாண மோதிரம் பளபளவென்று மின்னியது.

"என் தப்புதான்," என்றாள் ரோஸ்விதா. "நான் மோதிரத்தைப் பாக்கல. கையைப் பாத்துட்டு நின்னேன்."

"எல்லாரும் அதைத்தானே பாத்தோம்," என்றார் டாக்டர். "பரவாயில்லை. ஜன்னலை மூடு, வத்தியை ஏத்து. பூட்டுறதுக்குள்ள இன்னொரு தடவை எடுத்துடலாம். அம்மணி, காலையில செஞ்ச அதே மாதிரி."

ரோஸ்விதா மறுபடி கிழட்டுத் தோல் ஒட்டினாள். பூர்கி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கு, நடுங்கித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினாள். கோடை முழுக்க எதை வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டாளோ அதையே இப்போது வா வா என்று கூப்பிட்டாள். கை கல்லாக இருந்தது.

"ஆரம்பிக்கலாம்."

இறகைத் தூக்கினாள். நடுங்காத கையை நடுங்கவைக்கப் பார்த்தாள். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"கட். அம்மணி, கொஞ்சம் அதிகமா இருக்கு."

குறைவாக ஆட்டினாள்.

"கட்."

"மாவு சலிக்கிற மாதிரி இருக்கு," என்றான் பெப்போ.

"நீ சும்மா இரு. அம்மணி, உங்க மாமாவை நினைச்சுக்கங்க. காலையில என்ன நினைச்சீங்களோ அதையே."

மாமாவை நினைத்தாள். சமையலறையில் நின்றபடி பால் குவளையில் சூப் குடிக்கிற மாமா. வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வருகிற மாமா. மூன்றாவது தடவையும் பொய்யாகவே வந்தது. கீழே அருங்காட்சியகக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்குவது கேட்டது. டாக்டர் லைட்னர் நெற்றியைத் தேய்த்தார். "ஒண்ணும் புரியலையே. இவ்வளவு நல்லா செஞ்சவங்க..."

பூர்கி இறகை மைப்புட்டியில் வைத்தாள். சிரித்த முகமாக எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, டாக்டர்," என்றாள். "தானா வரும்."

"என்ன வரும்?"

"நடுக்கம். மத்தியானம் அதை அடக்குறதுக்குக் குடிச்சேன். அது இறங்கினதும் வந்துடும். காலையில நான் எதுவும் செய்யல."

டாக்டர் லைட்னர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெப்போ கீழே போய்க் காவலாளியிடம் ஏதோ சொல்லி, சிகரெட் கொடுத்துவிட்டு வந்தான். ரோஸ்விதா மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மோதிரத்தின் மேல் பசையை இன்னொரு பூச்சுப் பூசினாள். பூசி முடித்த பிறகும் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே கேட்டேன்ல," என்றாள்.

"குளிருன்னு சொன்னேன்."

"நல்லா சொன்ன, போ."

மெழுகுவர்த்தி கரைந்து, புதியது ஏற்றினார்கள். எல்லோரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய தண்டனை பூர்கிக்கு எதுவும் இல்லை. வரக் கூடாது என்றும் இருந்தது, வந்து தொலையட்டும் என்றும் இருந்தது. ஒருவேளை வராமலே போய்விட்டால், எல்லாம் வெறும் பயம்தான் என்று ஆகிவிட்டால் என்று ஓர் அசட்டு ஆசையும் எட்டிப் பார்த்தது. வெளியே தெருவிளக்கு எரிந்தது. பூர்கி இறகை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

இறகு மைப்புட்டியின் விளிம்பில் டக்கென்று ஒரு தடவை அடித்தது. பிறகு இன்னொரு தடவை. அவள் தாளை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். ஆரம்பிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பெப்போ தானாகவே கேமராவை ஓடவிட்டான்.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. டாக்டர் லைட்னர் வாசல்வரை வந்து, அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, குனிந்து அந்தக் கையில் முத்தமிட்டார். உதட்டுக்கு அடியில் அது நடுங்கியது, இருவருக்கும் தெரிந்தது. நல்ல மனுஷர்தான். ஆனாலும் அடுத்த படத்துக்கு இசைக்கல்லூரி மாணவன் ஒருவனின் கை வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு பூர்கிக்குத் தொலைபேசி வரவில்லை.

அவள் டிராமில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். ஃபெர்டியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்தாள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் வொட்டாவா அம்மாள், "மேஸ்ட்ரோ, கிழவரைக் கொன்னாச்சா?" என்றாள். "கொன்னாச்சு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

"எப்படிப் போச்சு?" என்றான் ஃபெர்டி.

"காப்பி குடு. ஒரு விஷயம் சொல்லணும்."

அவன் சமையலறைக்குப் போனான். அவள் கோட்டைக் கழற்றாமலே பின்னால் போய்க் கதவருகில் நின்றாள். அலமாரியில் நல்ல கோப்பைகள் எல்லாம் சாஸர்களோடு வரிசையாக இருந்தன. ஃபெர்டி முதலில் தனக்கு ஊற்றிக்கொண்டான்: நல்ல கோப்பை, அடியில் சாஸர், விளிம்புவரை காப்பி. பிறகு அந்தத் தடித்த குவளையை எடுத்து, தலையைச் சாய்த்து அளவு பார்த்துப் பார்த்து, சரியாகப் பாதிக்கு ஊற்றி நிறுத்தினான்.

"ஃபெர்டி," என்றாள் பூர்கி. "எப்போலேருந்து?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி ஜாடியை வைத்துவிட்டு, மேஜையில் சிந்தாத இடத்தைத் துணியால் துடைத்தான்.

"ஈஸ்டர்லேருந்து," என்றான். "உக்காரு, ஆறிடப் போகுது."

அவள் உட்கார்ந்தாள். குவளையை ஒரு கையாலேயே எடுத்தாள். நன்றாக நடுங்கியது, ஆனால் சிந்தவில்லை.